கொக்கி மாட்டக் கயிறு இல்லையா? ஏறமாட்டோம்!

தோழர்களே!

கொத்தனார் தோழர்களே! சித்தாள் தோழர்களே! கம்பி கட்டும் தோழர்களே! சென்ட்ரிங் அடிக்கும் தோழர்களே! செஞ்சி, மேல்மலையனூர் வட்டாரத்து ஊர்களிலிருந்து பை கட்டிக்கொண்டு சென்னைக்கு ஓடும் அத்தனை தோழர்களே!

சனி ராத்திரிதான் ஊர் திரும்பினோம். திங்கள் விடியும் முன் மறுபடி கூட்டு ரோட்டில் நிற்போம். பையில் கரணை இருக்கும், மட்டப்பலகை இருக்கும், இரண்டு செட் துணி இருக்கும். திருவண்ணாமலை பஸ் வரும். ஏறுவோம். திண்டிவனம், கிளாம்பாக்கம். அங்கிருந்து நாவலூர், சிறுசேரி, வண்டலூர், பெரும்பாக்கம். எங்கெல்லாம் மாடி எழும்புகிறதோ அங்கெல்லாம் நாம்தான்.

நடுவில் இருப்பது ஒரே ஒரு ஞாயிறு. அந்த ஞாயிறு நமக்கு வேண்டும். தூங்க அல்ல. பேச.

பெல்ட்டைப் பற்றிப் பேசுவோம். பெல்ட் தருகிறார்கள், இல்லை என்று சொல்லவில்லை. காலையில் வரிசையாக நிற்க வைக்கிறார்கள். மாட்டச் சொல்கிறார்கள். போட்டோ எடுக்கிறார்கள். போட்டோ ஆபீசுக்குப் போகிறது. நாம் பதினான்காவது மாடிக்குப் போகிறோம். இடுப்பில் பெல்ட் இருக்கிறது. பெல்ட்டில் கொக்கி இருக்கிறது. கொக்கியை மாட்டக் கயிறு எங்கே? தேடிப் பாருங்கள். இல்லை. சாரத்தின் ஈரப் பலகையில் வெறுங்காலோடு நடக்கிறோம். கொக்கி இடுப்பில் சும்மா ஆடிக்கொண்டு வருகிறது.

எல்லோருக்கும் தெரியும். மேஸ்திரிக்குத் தெரியும். இன்ஜினியருக்குத் தெரியும். நமக்கும் தெரியும். வாய் திறந்தது யார்? யாரும் இல்லை.

மௌலிவாக்கம் மறந்துவிட்டதா? 2014 ஜூன் 28. சனிக்கிழமை சாயங்காலம். சனிக்கிழமை சாயங்காலம் நமக்கு என்ன நேரம் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மழை பெய்துகொண்டிருந்தது. 11 மாடிக் கட்டடம் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தது. 61 பேர் செத்தார்கள். தமிழ்நாட்டு வீடுகளிலும் ஆந்திர வீடுகளிலும் ஒடிசா வீடுகளிலும் ஒரே நாளில் இழவு விழுந்தது.

எட்டே நாள். ஜூலை 6. செங்குன்றம் பக்கம் ஒரு கிடங்கின் மதில் சுவர், தொழிலாளர்கள் தூங்கிக்கொண்டிருந்த குடிசைகள் மேல் சாய்ந்தது. 11 பேர் செத்தார்கள்.

2025 செப்டம்பர் 30. எண்ணூர். அனல்மின் நிலையக் கட்டுமானத்தில் சாரம் சரிந்தது. 9 பேர் செத்தார்கள். அசாமிலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

ஒன்று வீடு. ஒன்று கிடங்கு. ஒன்று மின்நிலையம். செத்தவர்கள் மட்டும் ஒரே கூட்டம். அது நம் கூட்டம்.

இவை பேப்பரில் வந்த சாவுகள். தனி ஆளாகத் தவறி விழுகிறவன் பேப்பரில் வருவதில்லை. ஆம்புலன்சில் ஊருக்கு வருகிறான். பின்னாலேயே ஆள் வருகிறது. கொஞ்சம் பணம் வருகிறது. வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். பதினாறாம் நாள் காரியம் முடிகிறது. அதற்குள் அவன் நின்ற பலகையில் இன்னொருவன் நிற்கிறான். அவன் இடுப்பிலும் அதே கொக்கி ஆடுகிறது.

அடுத்தவன் யார்? உங்கள் தம்பியா? என் மச்சானா? அதுவரை பேசாமல் இருப்போமா?

நகரம் எல்லாவற்றையும் அளக்கிறது, தோழர்களே. உயரம் 18.30 மீட்டரைத் தாண்டினால் அது உயர்மாடிக் கட்டடம் என்று 2019 கட்டட விதி எழுதிவைத்திருக்கிறது. அப்படிப்பட்ட கட்டடத்துக்கு மனைப் பரப்பைப்போல் 3.25 மடங்கு தளப்பரப்பு என்று அதே விதி எழுதிவைத்திருக்கிறது. சதுர அடிக்கு ஒரு விலை. கார் நிறுத்த ஒரு விலை. மாடி உயர உயர ஒரு விலை. நாம் விழும் உயரத்துக்கு மட்டும் கணக்கும் இல்லை, கேள்வியும் இல்லை.

கேட்க வேண்டியவர்கள் நாம். நாம் ஏன் கேட்கவில்லை?

"நமக்கேன் வம்பு" என்கிறோம். வம்பு நம்மைத் தேடி வந்து நம் தலைமேல் நிற்கிறது. அண்ணாந்து பாருங்கள்.

"மேஸ்திரி நம்ம ஊர்க்காரர், மாமா முறை" என்கிறோம். மாமா என்றே கூப்பிடுங்கள். "மாமா, கயிறு எங்கே?" என்று கேளுங்கள். முறை கெட்டுவிடாது.

"முன்பணம் வாங்கிட்டேன்" என்கிறோம். முன்பணம் வாங்கியது உழைக்க. சாக அல்ல!

"நான் ஒருத்தன் கேட்டு என்ன ஆகப்போகுது" என்கிறோம். சரிதான். ஒருத்தன் கேட்டால் ஒன்றும் ஆகாது. அதனால்தான் கூப்பிடுகிறோம். ஒருத்தனாகக் கேட்காதீர்கள். ஊராகக் கேளுங்கள்.

சித்தாள் தோழர்களே! அக்கா தங்கைகளே! நீங்கள் இல்லாமல் ஒரு மாடியும் எழும்பியதில்லை. இருபது வருடம் சும்மாடு வைத்துப் பாண்டு சுமந்தாலும் உங்கள் கையில் கரணையைக் கொடுக்கமாட்டார்கள். அதே வெயில், அதே மாடி, கூலி மட்டும் குறைவு. 50 பெண்களுக்கு மேல் வேலை செய்யும் இடத்தில் பிள்ளைகளுக்குக் காப்பகம் வைக்க வேண்டும் என்று 1996-லேயே கட்டுமானத் தொழிலாளர் சட்டம் சொன்னது. எங்கே காப்பகம்? பிள்ளை மணல் மேட்டில் தூங்குகிறது. எங்கே கக்கூஸ்? பொழுது சாயும்வரை தண்ணீர் குடிக்காமல் தாகத்தை அடக்குகிறீர்கள். இதையும் பேசுவோம். இதை முதலில் பேசுவோம். கூட்டத்தில் பின்னால் உட்காராதீர்கள். முன்னால் வந்து உட்காருங்கள்.

இன்னொன்று. "வடக்கத்தியான் வந்து நம்ம பொழப்பைக் கெடுத்துட்டான்" என்று காதில் ஓதுவார்கள். ஓதுகிறவன் யார் என்று பாருங்கள். அவன் சாரம் ஏறுகிறவனா? இல்லவே இல்லை. நம்மைக் காட்டி அவர்கள் கூலியைக் குறைக்கிறான். அவர்களைக் காட்டி நம் கூலியைக் குறைக்கிறான். 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களை அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவின. பயந்துபோய் ரயிலேறியவர்கள் யார்? நம் பக்கத்துப் பலகையில் நின்றவர்கள். தகர ஷெட்டில் நமக்குப் பக்கத்தில் படுத்தவர்கள். இந்தி தெரியாதா? கொக்கியைத் தூக்கிக் காட்டுங்கள். புரிந்துகொள்வார்கள்.

நமக்குக் கிடைத்த எதுவும் சும்மா கிடைக்கவில்லை. நமக்கு முன்னால் கரணை பிடித்தவர்கள் சங்கம் கட்டினார்கள். தெருவில் நின்றார்கள். 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் வந்தது. கட்டடச் செலவில் நூற்றுக்கு ஒரு ரூபாய் நமக்கென்று பிடிக்கிறார்கள். அது பிச்சை அல்ல. நம் பணம். நாற்பது மாடி எழுந்தால் அதில் செலவாகும் ஒவ்வொரு நூறு ரூபாய்க்கும் ஒரு ரூபாய் நமக்கு. பணம் இருக்கிறது. வாரியத்தில் நம் பேர் இருக்கிறதா? பதிந்தவர்கள் எத்தனை பேர்? பதிந்துவிட்டுப் புதுப்பிக்காமல் விட்டவர்கள் எத்தனை பேர்?

இருப்பதையும் பிடுங்குகிறார்கள். 2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்துவிட்டது. முன்பு 20 பேர் இருந்தாலே ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் பொருந்தும். இப்போது 50 பேர் வேண்டும். 45 பேரை வைத்து வேலை வாங்குகிற கான்ட்ராக்டருக்குக் கொண்டாட்டம். அந்த 45 பேர் யார்? நாமேதான்!

நாம் எழுப்பிய மாடிகளில் நம் போன்றவர்களுக்கு என்று ஒதுக்கியது எப்படி இருந்தது? 2021 ஆகஸ்ட்டில் பார்த்தோமே. சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில் கை வைத்த இடத்தில் பூச்சு உதிர்ந்தது. கட்டும்போதும் நம் உயிர் மலிவு. குடியிருக்கும்போதும் நம் உயிர் மலிவு. அவசரத்துக்கும் கஞ்சத்தனத்துக்கும் விலை கொடுப்பது எப்போதும் நாம்.

போதும்!

நம்மிடம் என்ன பலம் இருக்கிறது என்று கேட்கிறீர்களா? கான்கிரீட் இருக்கிறது, தோழர்களே. ரெடிமிக்ஸ் லாரி வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம். உருளை சுற்றிக்கொண்டே இருக்கும். தண்ணீர் சேர்ந்துவிட்டது. ஏறக்குறைய இரண்டு மணி நேரம். அதற்குள் கொட்டியாக வேண்டும். விட்டால் இறுகும். இன்ஜினியர் கத்தினாலும் இறுகும். முதலாளி காரில் பறந்து வந்தாலும் இறுகும். பணம் காத்திருக்கும். பத்திரப் பதிவு காத்திருக்கும். கலவை யாருக்காகவும் காத்திருக்காது.

தளம் போடுவதற்கு முந்தின நாள் சாயங்காலம் கேளுங்கள். கை கட்டாமல் கேளுங்கள். சத்தம் போடாமலும் கேளுங்கள். "கயிறு கட்டுங்க. வலை கட்டுங்க. அப்புறம் ஏறுறோம்." ஒருத்தன் கேட்டால் "நீ கணக்கு முடிச்சிட்டுக் கிளம்பு" என்பார்கள். நாற்பது பேர் கேட்டால் கயிறு வரும். அன்று ராத்திரியே வரும்.

நாம் சலுகை கேட்கவில்லை. உயரத்தில் வேலை செய்கிறவனுக்குப் பாதுகாப்பு தருவது வேலை வாங்குகிறவன் கடமை. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. சட்டத்தைப் புத்தகத்திலிருந்து இறக்கிச் சாரத்தில் கட்ட வேண்டியவர்கள் நாம்.

நாம் எந்த ஊர்க்காரர்கள் என்று நினைத்துப் பாருங்கள். 1690-இல் மொகலாயப் படை நம் செஞ்சிக் கோட்டையை வளைத்தது. 1698-இல்தான் உள்ளே வர முடிந்தது. எட்டு வருடம் தாங்கிய சுவர் அது. 2025 ஜூலை 11-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அதோடு சேர்த்து அறிவித்தவை மொத்தம் 12 கோட்டைகள். தமிழ்நாட்டில் இருப்பது நம் கோட்டை மட்டும். பெருமைதான். ராஜகிரி உச்சிக்கு அந்தக் கல்லைத் தூக்கிப்போனவர் யார்? எத்தனை பேர் பாதி வழியில் உருண்டார்கள்? எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

விழுப்புரம் போகிற வழியில் மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல் இல்லாமல், மரம் இல்லாமல், உலோகம் இல்லாமல், சுண்ணாம்பு இல்லாமல் இந்தக் கோயிலை ஆக்கினேன் என்று பல்லவ ராஜா மகேந்திரவர்மன் கல்லில் வெட்டிவைத்தான். உளி பிடித்தவன் பேரும் இல்லாமல்தான்!

அன்றைக்கு நம் பேரை எழுத ஆள் இல்லை. இன்றைக்கு நாமே எழுதலாம். எழுதாவிட்டால் அந்தப் பழி ராஜா மேல் இல்லை, நம் மேல்.

ஆகவே தோழர்களே, இந்த ஞாயிறு ஊர் ஊராக உட்காருவோம். கோயில் வாசலோ, ஏரிக்கரையோ, டீக்கடையோ, எங்கே நிழல் இருக்கிறதோ அங்கே உட்காருவோம். ஒரு நோட்டு எடுங்கள். ஒரு பேனா எடுங்கள்.

முதலில் பேர் எழுதுங்கள். ஊரில் யார் யார் கட்டட வேலைக்குப் போகிறார்கள், எந்த ஏரியா, எந்த சைட், எந்த மேஸ்திரி, எல்லாம் எழுதுங்கள். நம்மில் ஒருவர் எங்கே இருக்கிறார் என்று இன்னொருவருக்குத் தெரிந்தால் வெற்றுத் தாளில் கையெழுத்து வாங்க முடியாது.

அடுத்து வாரியம். 18 வயது முதல் 60 வயதுவரை ஒருவர் விடாமல் பதியுங்கள். ஆதாரும் ரேஷன் கார்டும் பாங்க் புத்தகமும் எடுத்து வையுங்கள். படித்த பிள்ளைகள் உட்கார்ந்து பதிந்து கொடுங்கள். இழுத்தடித்தால் விழுப்புரம் தொழிலாளர் அலுவலகத்துக்குத் தனியாகப் போகாதீர்கள். பத்துப் பேராகப் போங்கள்.

மூன்றாவதாகச் சொல் கொடுங்கள். ஒருவருக்கொருவர், முகத்தைப் பார்த்து. கயிறு இல்லாத மாடிக்கு நான் ஏறமாட்டேன். உன்னையும் ஏறவிடமாட்டேன். கேட்டதற்காக உன்னை அனுப்பினால் நானும் பையை எடுப்பேன்.

இந்தச் சொல்தான் சங்கம். கொடி பிறகு வரும். போர்டு பிறகு வரும். இந்தச் சொல் இன்றைக்கே வர வேண்டும்.

பயமாக இருக்கிறதா? எல்லோருக்கும்தான் பயம். பதினான்காவது மாடியில் வெறுங்காலோடு நின்றவர்கள் நாம். அங்கே நிற்கத் துணிந்தவர்களுக்குத் தரையில் நின்று ஒரு கேள்வி கேட்கத் துணிவு வராதா?

வரும். வர வேண்டும். இந்தத் திங்களே வர வேண்டும்.

கயிறு கட்டினால் ஏறுவோம்! கட்டாவிட்டால் ஏறமாட்டோம்!

கூலி சமமாகும்வரை கேட்போம்! காப்பகம் வரும்வரை கேட்போம்!

தமிழனோ, ஒடியாக்காரனோ, அசாம்காரனோ, ஒருவரையும் விடமாட்டோம்!

ஞாயிறு கூடுவோம்! திங்கள் கேட்போம்! சேர்ந்தே கேட்போம்!

வாருங்கள் தோழர்களே!