வாரம் ஒரு வாத்தியம்: ஒத்தைக் குரலில் ஒரு கச்சேரி

தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவர் மெயில் அனுப்பியிருக்கிறார். அவருடைய மாமா தெருக்கூத்தில் ஹார்மோனியம் வாசிப்பவர். திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடக்கும் சீசனில் இவரும் கூடவே போய் உட்கார்ந்து தாளம் போடுவாராம். இப்போது லேப்டாப்பில் மாடுலர் சிந்தசைசர் சாஃப்ட்வேர் ஒன்றை இலவசமாக இறக்கி, பத்து நாளாக மல்லுக்கட்டுகிறார்.

'எத்தனை ஒயரை மாட்டினாலும் ஒரு நேரத்துல ஒரு சுரம்தான் சார் வருது. ரெண்டு கட்டையைச் சேர்த்து அழுத்தினா ஒண்ணுதான் கேக்குது. அம்மா கம்மலை அடகு வெச்சு நல்ல கீபோர்டா வாங்கிக்கச் சொல்றாங்க. வாங்கட்டுமா?'

கம்மல் காதிலேயே இருக்கட்டும் தம்பி. ஏன் என்று சொல்கிறேன்.

முதலில், இந்தப் பெயரையே கேள்விப்படாதவர்களுக்காக. கடையில் விற்கும் கீபோர்டில் பியானோ, வயலின், புல்லாங்குழல் என்று ஓசைகள் தயாராக இருக்கும். பட்டனை அழுத்தினால் போதும். மாடுலர் சிந்தசைசரில் அப்படி எதுவும் கிடையாது. அது தனித்தனிப் பெட்டிகளின் கூட்டம். ஒரு பெட்டி ஓசையை உண்டாக்கும், இன்னொன்று அதை வடிகட்டும், மற்றொன்று ஓசையைத் திறந்து மூடும். எதை எதோடு ஒயரால் இணைப்பது என்பதை வாசிப்பவர்தான் முடிவு செய்ய வேண்டும். பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் படம் பார்த்திருப்பீர்களே, அதே தோற்றம். ஒயரைப் பிடுங்கிவிட்டால் அந்த ஓசையும் போச்சு. வாசல் கோலம் மாதிரி மறுநாள் புதிதாகத்தான் போட வேண்டும். (சாஃப்ட்வேரில் சேமித்து வைக்கலாம். அந்த வகையில் நம் மாணவர் கொடுத்துவைத்தவர்.)

வடிகட்டுவது, அதாவது ஃபில்டர், என்ன செய்கிறது என்று தெரிய ஒரு ரூபாய் செலவில்லாத சோதனை. ஒரே சுருதியில் 'ஆ...' என்று பிடியுங்கள். பிடித்தபடியே உதட்டை மெதுவாகக் குவித்து 'ஊ...'வுக்கு வாருங்கள். சுருதி மாறவில்லை, ஆனால் ஓசையின் நிறம் மாறிவிட்டது அல்லவா? உங்கள் வாய்தான் ஃபில்டர். ஒகேனக்கல் போனவர்களுக்கு இன்னொரு உதாரணம். அருவிக்குப் பக்கத்தில் நிற்கும்போது 'ஷ்ஷ்' என்று காதை அடைக்கும். தள்ளித் தள்ளி வந்தால் அந்தச் சீறல் குறைந்து அடியில் இருக்கும் 'கும்' மட்டும் மிஞ்சும். சிந்தசைசரில் இரைச்சலுக்கென்றே ஒரு பெட்டி உண்டு. அந்த இரைச்சலை ஃபில்டருக்குள் விட்டு குமிழைத் திருகினால், உட்கார்ந்த இடத்திலிருந்தே அருவியை நெருங்கவும் விலகவும் முடியும்.

ஓசை பிறக்கும் இடம், வடிகட்டி, திறந்து மூடும் கதவு. இந்த மூன்றும் சேர்ந்த ஒரு வரிசைக்குத்தான் 'ஒரு குரல்' என்று பெயர். நிறைய வரிசை இருந்தால் நிறைய குரல். பல கட்டைகளைச் சேர்த்து அழுத்தி வாசிக்கலாம். இந்தச் சாஃப்ட்வேர்களில் பல குரல் வைக்கவும் வழி இருக்கிறது. 2017-ல் வெளிவந்து உலகம் முழுக்கப் பிரபலமான வி.சி.வி. ராக்கில்கூட உண்டு. ஆனால் பழைய லேப்டாப் திணறும். ஒரு குரல் என்றால் பெரும்பாலும் தாங்கிவிடும். அது ஒரு காரணம். எனக்கு முக்கியமான காரணம் வேறு.

அகமதாபாத்துக்குப் போவோம். இந்தியாவில் மாடுலர் சிந்தசைசர் கால்வைத்த கதை அங்கேதான் இருக்கிறது. 1969-ல் அங்குள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்துக்கு ஒரு மோக் சிந்தசைசர் வந்து சேர்ந்தது. ராபர்ட் மோக் என்ற அமெரிக்க இன்ஜினீயர் 1964-ல் உருவாக்கிய கருவி அது. அதை நிறுவி, பழக்கிக் கொடுக்க நியூயார்க்கிலிருந்து வந்தவர் டேவிட் டியூடர். இசையமைப்பாளர் ஜான் கேஜின் நெருங்கிய கூட்டாளி.

இந்த நட்புக்கு ஒரு முன்கதை இருக்கிறது. பக்வாஜ் வாசிக்கத் தெரிந்த கீதா சாராபாய் 1946-ல் நியூயார்க் போயிருந்தபோது, கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக் கொடுத்து, பதிலுக்கு அவரிடம் மேற்கத்திய இசை கற்றுக்கொண்டார். பெயரைக் கேட்டதும் சிலருக்குப் பொறி தட்டியிருக்கும். ஆமாம், விக்ரம் சாராபாயின் சகோதரிதான். அண்ணன் தலைமையில் இஸ்ரோ பிறந்ததும் அதே 1969-ல். ஒரே குடும்பம், ஒரே வருடம். ஒரு பக்கம் ராக்கெட், இன்னொரு பக்கம் சிந்தசைசர்.

அந்த ஸ்டுடியோவில் கீதா சாராபாய், ஐ.எஸ்.மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி.சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் சில வருடங்கள் இசை செய்தார்கள். பிறகு எல்லாம் ஓய்ந்து, ஒலிநாடாக்கள் அலமாரிக்குள் போய்விட்டன. பால் பர்காஸ் என்ற பிரிட்டிஷ் இசைக்கலைஞர் அவற்றைத் தேடி எடுத்து, 2023-ல் ஆல்பமாக வெளிவரச் செய்தார். கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு கழித்து! கேட்டுப் பாருங்கள். எல்லாம் இனிக்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். சில இடங்களில் பிரஷர் குக்கர் நினைவு வரும். ஆனால் ஒரு புதுப் பொருளைக் கையில் வாங்கியவர்களின் ஆவல் ஒவ்வொரு நிமிடத்திலும் தெரிகிறது.

அந்தக் கால மோக்கும் நம் மாணவரின் லேப்டாப் போலத்தான். இரண்டு கட்டையை அழுத்தினால் ஒன்றுதான் கேட்கும். மேற்கத்திய உலகுக்கு இது பெரிய தலைவலி. அவர்கள் இசை பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வீடு. வெண்டி கார்லோஸ் 1968-ல் பாஹ்கின் இசையை மோக்கில் வாசித்து வெளியிட்ட ஆல்பம் மூன்று கிராமி விருதுகளை வாங்கியது. அதற்காக அவர் ஒவ்வொரு குரலையும் தனித்தனியாக வாசித்து, ஒலிநாடாவில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிய வேண்டியிருந்தது. நடுநடுவே கருவி சூடேறி சுருதி நழுவும்; மறுபடி சேர்த்து, மறுபடி வாசிக்க வேண்டும். மாதக்கணக்கில் உழைப்பு.

நமக்கு இந்தத் தலைவலி எதற்கு? நாதஸ்வரத்தில் ஒரு நேரத்தில் ஒரு சுரம்தான் வரும். பக்கத்தில் ஒத்து ஊதுபவர் சுருதியைப் பிடித்துக்கொண்டால் அதற்குமேல் ஆயிரம் பேர் உட்கார்ந்து கேட்கலாம். 'ஒரு சுரம்தானே வருகிறது' என்று கல்யாண வீட்டில் யாராவது எழுந்து போயிருக்கிறார்களா? தெருக்கூத்தில் பாட்டைத் துரத்திக்கொண்டே போகும் முகவீணையும் ஒத்தைக் குரல்தான். அடுக்கு வீடு கட்டுவது அல்ல, ஒரே கோட்டை வளைத்து வளைத்து வரைவது நம் பழக்கம்.

அந்த வளைவுக்குத்தான் கமகம் என்று பெயர். தோடியில் காந்தாரம் ஓரிடத்தில் நிற்காது. ரிஷபத்துக்கும் மத்யமத்துக்கும் நடுவே ஊஞ்சலாடும். ஹார்மோனியத்தால் அதைச் செய்ய முடியாது. இந்தக் கட்டைக்கும் அடுத்த கட்டைக்கும் இடையில் அதற்கு வழியே இல்லை. இப்படிப்பட்ட புகார்களால்தான் ஆல் இந்தியா ரேடியோ 1940-ல் ஹார்மோனியத்துக்குத் தடை போட்டது. 1971-ல்தான் தடையைத் தளர்த்தத் தொடங்கினார்கள். (கூத்து மேடைகள் அந்தத் தடையைச் சட்டை செய்யவில்லை என்பது வேறு விஷயம்.) கடையில் வாங்கும் சாதாரண கீபோர்டும் இந்த விஷயத்தில் ஹார்மோனியத்தின் தம்பிதான். பக்கத்தில் சின்னச் சக்கரம் ஒன்று வைத்திருப்பார்கள். ஒரு கையால் கட்டையையும் இன்னொரு கையால் சக்கரத்தையும் உருட்டி ஓரளவு சமாளிக்கலாம்.

மாடுலரில் கதையே வேறு. மோக் வகுத்த கணக்குப்படி சுரத்தைத் தீர்மானிப்பது மின்அழுத்தம். ஒரு வோல்ட் கூட்டினால் ஒரு ஸ்தாயி மேலே போகும். டார்ச் லைட்டில் போடும் செல் ஒன்றரை வோல்ட். கணக்குப்படி அது கீழ் ச-விலிருந்து ஒன்றரை ஸ்தாயி தாண்டி, மேல் பிரதி மத்யமத்தில் கொண்டுபோய் விடும். (கணக்குக்குச் சொன்னேன். செல்லை எடுத்து எதிலும் சொருகிவிடாதீர்கள்.) பியானோவில் ஒரு கட்டைக்கும் அடுத்ததற்கும் ஒரு வோல்ட்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு இடைவெளி. அந்த இடைவெளிக்குள்ளும் மின்அழுத்தம் எங்கு வேண்டுமானாலும் நிற்கும், நழுவும், ஆடும். படி இல்லாத சாய்தளம்! கமகத்துக்கு இதைவிட என்ன வேண்டும்?

பம்பாய் சினிமா உலகில் வாத்தியம் வாசித்த சரண்ஜித் சிங் 1982-ல் பத்து ராகங்களை எலெக்ட்ரானிக் கருவிகளில், டிஸ்கோ தாளத்தோடு பதிவு செய்தார். அவர் பயன்படுத்திய ரோலண்ட் டி.பி. 303 மாடுலர் அல்ல. ஆனால் அதுவும் ஒத்தைக் குரல்தான், அதிலும் சுரம் வழுக்கும். அன்று அந்த ரெக்கார்டு விற்கவில்லை. 2010-ல் மறுபடி வெளியானபோது, மேற்கத்திய நடன இசைக்காரர்கள் பின்னால் கண்டுபிடித்ததை இவர் முன்பே செய்துவிட்டார் என்று எழுதித் தள்ளினார்கள்.

சரி, மாணவருக்கு வருவோம். என்ன செய்யலாம்?

ஓசை உண்டாக்கும் பெட்டி இரண்டு எடுங்கள். ஒன்றைக் கீபோர்டோடு இணையுங்கள். மற்றொன்றை இணைக்காமல் ச-வில் நிறுத்துங்கள். இரண்டையும் ஒரே ஃபில்டருக்குள், ஒரே கதவு வழியாக விடுங்கள். இப்போது பாட்டு ஒலிக்கும்போது மட்டும் சுருதியும் ஒலிக்கும், பாட்டு நின்றால் அதுவும் நிற்கும். எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதா? மகுடி! ஒரே மூச்சு, இரண்டு குழல். ஒன்று பாடும், ஒன்று சுருதி பிடிக்கும். கதவு ஒன்றுதான் என்பதால் இது இன்னும் ஒத்தைக் குரல்தான்.

அடுத்து, வழுக்கல். சுரத்திலிருந்து சுரத்துக்கு நழுவ வைக்கும் பெட்டி எல்லா சாஃப்ட்வேரிலும் இருக்கிறது. புதிதாக வாங்கிய சைக்கிள் மணி மாதிரி அதை எல்லா இடத்திலும் அடிக்கத் தோன்றும். அடிக்காதீர்கள். வரியில் ஒரே இடத்தில் நழுவினால்தான் காது நிமிரும். ஆட்டத்துக்கு மெதுவான அலை தரும் பெட்டி ஒன்றைச் சுரத்தோடு இணைக்கலாம். ஆனால் இயந்திர ஆட்டம் ஒரே சீராக இருக்கும், ஃபேன் ஆடுவது போல. மனிதர் பாடும்போது ஆட்டம் மெல்லத் தொடங்கி, வேகம் பிடித்து, அடங்கும். அந்த அலையின் வேகத்தைக் கையால் கூட்டிக் குறைத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். தோடி வந்துவிடுமா என்று கேட்காதீர்கள். வராது. தோடிக்குப் பாதித் தூரம் வரலாம். அதற்கே ஒரு மழைக்காலம் ஆகும்.

இன்னொன்று, எனக்கு ரொம்பப் பிடித்தது. தோல்பாவைக்கூத்தில் திரைக்குப் பின்னால் ஒரே ஆள்தான் ராமனுக்கும் பேசுவார், ராவணனுக்கும் பேசுவார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுவதே இல்லை. ஆனால் இரண்டு பேர் இருப்பதாகத்தான் நாம் நம்புகிறோம். அதையே செய்யுங்கள். கீழ் ஸ்தாயியில் ஃபில்டரை மூடிக்கொண்டு ஒரு கேள்வி. மேல் ஸ்தாயியில் திறந்துகொண்டு ஒரு பதில். மாற்றி மாற்றி, கொஞ்சம் வேகமாக. கேட்பவர் இரண்டு வாத்தியம் என்று சத்தியம் செய்வார். நடுவில் அந்த அருவி இரைச்சலைக் கதவு வழியாக ஒரு நொடிக்கும் குறைவாகத் திறந்து மூடினால் 'சிக்' என்று ஒரு தாளத் தட்டு. மூன்றாவது ஆளும் வந்தாயிற்று.

இத்தனைக்கும் அப்புறமும் பல சுரம் சேர்ந்து ஒலிக்க வேண்டும் என்றால், கார்லோஸ் செய்ததைச் செய்யுங்கள். ஒரு குரலைப் பதிவு செய்து, அதன்மேல் அடுத்ததை வாசியுங்கள். ஆடாசிட்டி போன்ற இலவச சாஃப்ட்வேர் போதும்.

ஒரு வேலை தருகிறேன் தம்பி. அடுத்த முறை கூத்துக்குப் போகும்போது, முகவீணைக்காரருக்குப் பக்கத்தில் போனை வைத்து, அவர் அனுமதியோடு ஐந்து நிமிடம் பதிவு செய்யுங்கள். வீட்டுக்கு வந்து ஹெட்போனில், ஒரே ஒரு வரியை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள். எங்கே மூச்சு விடுகிறார், எந்தச் சுரத்தை நேராகத் தொடுகிறார், எதைக் கீழிருந்து இழுத்து வருகிறார் என்று தாளில் குறியுங்கள். பிறகு அந்த ஒரு வரியை லேப்டாப்பில் கொண்டுவர முயலுங்கள். வந்ததும் மாமாவிடம் போட்டுக் காட்டுங்கள். சுருதி சேரவில்லை என்று அவர் திட்டினால், என்ன சொல்லித் திட்டினார் என்பதையும் சேர்த்து எனக்கு எழுதுங்கள்.