இருதயத்துக்கு எந்த ஊர்க் கணக்கு?

யாருக்கு மாரடைப்பு வரக்கூடும் என்று டாக்டர்கள் கணக்கிடும் முறை அமெரிக்காவில் பிறந்தது. 1948-ல் தொடங்கி, பிரேமிங்காம் என்ற ஊரில் 5,209 பேரை ஆண்டுக்கணக்காகக் கவனித்துக் கண்ட முடிவு அது. அவர்கள் பெரும்பாலும் வெள்ளையர்கள். அந்தக் கணக்கு நமக்குப் பொருந்துமா?

52 நாடுகளில் நடந்த 'இன்டர்ஹார்ட்' ஆராய்ச்சியைப் பாருங்கள். முதல் மாரடைப்பு கண்ட தெற்காசியரின் சராசரி வயது 53. பிற நாட்டாருக்கு அந்தச் சராசரி சுமார் 59.

கணக்கிலோ வயதுக்குத்தான் மார்க்கு அதிகம்! அதனால் நாற்பது வயதுக்காரர் புகை பிடித்தாலும் 'ஆபத்து குறைவு' என்றே பெரும்பாலும் விடை வருகிறது. அவரும் நிம்மதியாக அடுத்த சிகரெட்டைப் பற்ற வைக்கிறார்.

பிரிட்டனின் 'கியூரிஸ்க்' கணக்கு பரவாயில்லை. நீங்கள் இந்தியரா, அறுபதுக்குள் தந்தைக்கோ தாய்க்கோ இருதய நோய் வந்ததா என்றெல்லாம் அது கேட்கிறது. டாக்டர் கேட்காவிட்டாலும் இதை நீங்களே சொல்லுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, கொலஸ்ட்ரால் மூன்றையும் முப்பதிலேயே பார்த்துவிடுங்கள்.