குழந்தைக்கும் கொஞ்சம் அலவன்ஸ்

இந்த நாக்பூரில் எங்கள் சபையைச் சேர்ந்த இளம் பெற்றோர் சிலர், இரண்டு வயதுக் குழந்தைக்கு மணிவாரியாக அட்டவணை எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டுகிறார்கள். ஏழரைக்கு வண்ண அட்டை, எட்டுக்கு பைபிள் கதை, எட்டேகாலுக்கு எண்கள்! ஒழுங்கு வேண்டியதுதான். ஆனால் ரயில்வேயில் தண்டவாளம் பார்த்தவன் ஒன்று சொல்கிறேன். எக்ஸ்பிரஸ் வண்டிக்கே, பாதையில் வேலை நடந்தால் மெதுவாகப் போகவேண்டும் என்று சில நிமிஷங்களைக் கூட்டித்தான் நேரம் போடுவோம். இன்ஜினியரிங் அலவன்ஸ் என்று பெயர். குழந்தைக்கு அது வேண்டாமா?

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னபடி, இந்த வயதுக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து 11 முதல் 14 மணி நேர உறக்கம் வேண்டும், 3 மணி நேரமாவது ஓடியாட வேண்டும், டி.வி., செல்போன் 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது. சோறூட்டவும் குளிப்பாட்டவும் ஆகும் நேரத்தைக் கழித்தால், பாடத்துக்கு எவ்வளவு மிஞ்சும்?

ஜெபத்தையும் பாடமாக்க வேண்டாம். விளக்குப் போட்டதும் தாத்தா பாட்டியோடு ஐந்து நிமிஷம் போதும். கைதட்டி ஒரு தமிழ்ப் பாட்டு. பிறகு அம்மா, அப்பா, பால்காரர் என்று ஒவ்வொருவருக்காகவும் ஸ்தோத்திரம். பகலெல்லாம் இந்தியும் மராத்தியும் கேட்கிற பிள்ளைக்கு அதுவே தமிழ் வகுப்பு. நடுவில் எழுந்து ஓடினால் ஓடட்டும். ஆமென் சொல்ல வந்துவிடும்.