கண்மாய்க் குழுவில் யார் இல்லை?

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கம் கண்மாய்க்கும் வாட்ஸ்அப் குழு வந்துவிட்டது. விவசாயிகள் இருக்கிறார்கள், வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். காலை வணக்கப் படங்களுக்குக் குறைவில்லை. ஆனால் மடையின் வாய் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால் பதில் வராது. அது தெரிந்த மனிதர் குழுவில் இல்லை.

அவர்தான் நீர்பாய்ச்சி. வடமாவட்டங்களில் நீர்க்கட்டி என்பார்கள். எந்த மடையைத் திறந்தால் கடைமடை வயல் நனையும், கரை எங்கே கசியும், கலுங்கு எப்போது மறுகால் பாயும் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. கூலி, அறுவடையில் அளக்கும் நெல். பெரும்பாலும் நிலமில்லாதவர், பல ஊர்களில் ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்தவர். 2000-ஆம் ஆண்டுப் பாசனச் சட்டப்படி சங்க உறுப்பினராக ஆயக்கட்டில் நிலம் வேண்டும். சங்கக் கூட்டத்தில் நாற்காலி இல்லாதவரைக் குழுவில் மட்டும் யார் சேர்ப்பார்கள்?

இதனால் என்ன நட்டம் என்று கேட்பீர்கள். 2017-இல் குடிமராமத்து மறுபடி தொடங்கியபோது பல ஊர்களில் தூர் வாரினார்கள். மடை வாய்க்குக் கீழே எவ்வளவு ஆழம் தோண்டினாலும் அந்தத் தண்ணீர் வயலுக்கு ஏறாது. கிணறு ஊறும், ஆடு மாடு குடிக்கும், அவ்வளவுதான். கரையின் காலடியில் மண் எடுத்தால் கரையே பலவீனப்படும். ஆறாம் வகுப்பு அறிவியல்தான். ஆனால் எந்த இடத்தில், எத்தனை அடி என்பது பாடப்புத்தகத்தில் இல்லை, அந்தக் கண்மாயில் நடந்து பழகியவருக்குத்தான் தெரியும்.

2009-இல் பொருளாதார நோபல் பெற்ற எலினோர் ஆஸ்ட்ரம் அம்மையார் நேபாளத்தில் பாசனத்தை ஆராய்ந்தவர். கல்லும் மண்ணும் வைத்து விவசாயிகளே கட்டிய அணைகள், அரசின் சிமென்ட் அணைகளைவிட நன்றாகக் கடைமடைக்குத் தண்ணீர் சேர்த்தன. காரணத்தைக் கேளுங்கள். மண் அணையை ஆண்டுதோறும் பழுதுபார்க்கத் தலைமடைக்காரருக்குக் கடைமடைக்காரரின் கை வேண்டும், அதனால் பேச்சுவார்த்தை ஓயவில்லை. சிமென்ட் வந்ததும் அந்தத் தேவை போயிற்று, பேச்சும் நின்றது. தகவல் போவது போன் வழியாக அல்ல, ஒருவர்க்கொருவர் வேண்டியிருப்பதன் வழியாக என்றுதான் இதிலிருந்து நான் புரிந்துகொள்கிறேன். நம் கண்மாய்கள் ஒன்றன் மறுகால் அடுத்ததற்கு வரத்தாக இருப்பவை. மேல் ஊரில் பெண் கொடுத்திருந்தால் தண்ணீர் வரும் செய்தி முன்பே வருகிறது. உறவில்லாத ஊர் என்றால் தண்ணீரே வந்து சொல்ல வேண்டியதுதான்!

நம் பிள்ளைகளில் சிலர் நீர்வளத் துறையிலும் ஊராட்சி ஒன்றியத்திலும் வேலை பார்க்கிறீர்கள். மதிப்பீடு போடுமுன் நீர்பாய்ச்சியை உடன் அழைத்துக்கொண்டு கரையில் ஒருமுறை நடந்து வாருங்கள், அன்றைய கூலியைக் கணக்கில் சேர்த்துக் கொடுங்கள். மற்றவர்கள், உங்கள் ஊரில் அந்த வேலையை இப்போது யார் பார்க்கிறார், அவருக்குப் பிறகு யார் என்று விசாரித்துக் கீழே எழுதுங்கள். பெயரும் எண்ணும் பொதுவில் வேண்டாம், ஆள் இருக்கிறாரா இல்லையா என்று மட்டும் சொன்னால் போதும்.