கஞ்சி போட்ட கௌரவம்

கோடியக்கரைக்கு என்னுடன் ஒரு நண்பர் வந்திருந்தார். பெயர் வேண்டாம். இதை அவர் நிச்சயம் படிப்பார். படித்தால் இரண்டு நாள் கோபித்துக்கொள்வார், மூன்றாம் நாள் காப்பிக்கு வந்துவிடுவார். அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

வேதாரண்யத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது அவருடைய வேஷ்டி இருந்த இருப்பைப் பார்க்க வேண்டுமே! தரையில் நிறுத்தினால் தானே நிற்கும், அவ்வளவு கஞ்சி. சட்டைக் கையின் மடிப்பில் விரல் பட்டால் கீறிவிடும் போலிருந்தது. அங்கிருந்து தெற்கே அகஸ்தியம்பள்ளி உப்பளங்களைத் தாண்டிக் கோடியக்கரை போய்ச் சேர்ந்தோம். கடற்கரையில் ஒரு மணி நேரம் நடந்திருப்போம். மழைநாளில் வெளியே வைத்த அப்பளம் போல வேஷ்டி நமுத்துப் போய், காலைச் சுற்றிக்கொண்டது.

அப்போது எதிரே ஒரு படகுக்காரர் வந்தார். நீலக் கட்டம் போட்ட பழைய கைலி. சட்டையில் இரண்டு இடங்களில் கிழிசல். அதே நிறத்து நூலைத் தேடிப் பிடித்துத் தைத்திருந்தார்கள். சட்டையின் தோள் அவருடைய தோளில் சரியாக உட்கார்ந்திருந்தது. பொத்தான் ஒன்றுகூடக் குறையவில்லை. மனிதர் துலக்கிய வெண்கலம் போல் இருந்தார். அவரைப் பார்த்துவிட்டு என் நண்பர், நமுத்த வேஷ்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டே, "இந்த ஜனங்களுக்கு நன்றாக உடுத்தவே தெரியவில்லையே, ஸார்!" என்றார்.

அந்த வாக்கியத்துக்கு அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

அன்றாடம் கட்டும் துணியை எடுப்பாகச் செய்துகொள்வது எப்படி என்று கேட்டால், கடைக்காரர்களிடம் ஒரே பதில்தான் உண்டு: இன்னொன்று வாங்கு. சட்டை எடுபடவில்லையா, விலை கூடிய சட்டை வாங்கு. புடவை தொங்கவில்லையா, வேறு புடவை வாங்கு. தோளில் அரை அங்குலம் பிடித்துத் தைத்தால் அந்தச் சட்டையே எடுபடும் என்று எந்தக் கடையாவது சொல்லுமா? புடவையின் அடி ஓரத்தில் ஒரு துண்டுப் பட்டையாக ஃபால்ஸ் தைத்துவிட்டால் கொசுவம் தானே படியும் என்பது தெரு முனைத் தையல்காரருக்குத் தெரியும். அரை ஈரத்தில் இஸ்திரி போட்டால்தான் பருத்தி படியும். நன்றாகக் காய்ந்த பிறகு எவ்வளவு தேய்த்தாலும் சுருக்கம் சிரித்துக்கொண்டுதான் இருக்கும். இதெல்லாம் காலணா வித்தைகள். காலணாவில் முடிவதைக் கௌரவமென்று ஒப்புக்கொள்ள நமக்கு மனம் வருவதில்லை, அவ்வளவுதான்.

கஞ்சிக்கு வருகிறேன். கஞ்சி என்ன தெய்வமா? சோறு வடித்த நீர். அந்த மாவுச்சத்து நூலோடு நூலாக ஒட்டிக்கொண்டு விறைப்பைக் கொடுக்கிறது. காற்றில் ஈரம் ஏறினால் அதையும் இழுத்துக்கொண்டு குழைந்துவிடும். கடற்காற்றில் வருகிற உப்போ துணியில் படிந்து, ஐப்பசி மாதத்து உப்பு ஜாடியைப் போலக் கசியும். ஊருக்கு ஏற்ற உடை என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான். சித்திரை வெயிலில் தஞ்சாவூர் மேல வீதியில் செல்லுபடியாகும் விறைப்பு கோடியக்கரையில் செல்லாது.

நாங்கள் தங்கிய வீட்டு அம்மாளிடம் நண்பர் வேஷ்டியைக் கொடுத்து, கஞ்சி போட்டுத் தர முடியுமா என்று கேட்டார். அந்த அம்மாள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"போடலாம் தம்பி. ஆனா அலச நல்ல தண்ணி வேணுமே! உப்புத் தண்ணியிலே சோப்பு நுரைக்காது, திரிதிரியாப் போயிடும். நாங்க துவைக்கிறதெல்லாம் உப்புத் தண்ணியிலே துவைச்சிட்டு, கடைசி அலசுக்கு மட்டும் ரெண்டு குடம் நல்ல தண்ணி வச்சிக்கிடுவோம். அதுக்கு மேலே முடியாது தம்பி."

இரண்டு குடம்! அந்தப் படகுக்காரரின் கைலியில் இருந்த பளிச்சுக்குப் பின்னால் அந்த இரண்டு குடமும், அதைச் சுமந்த ஒரு பெண்ணின் இடுப்பும் இருந்தன. காவிரியின் கடைமடைக்கும் அப்பால் இருக்கிற ஊர் அது. வெள்ளை என்பது அங்கே தண்ணீர்க் கணக்கு. நம் பக்கத்திலும் அது ஒருவருடைய முதுகின் கணக்காகத்தான் இருந்தது. உவர்மண் எடுத்து வந்து, வெள்ளாவி வைத்து, ஆற்றில் நின்று வெளுத்துக் கொடுத்தவரை வாசற்படிக்கு வெளியே நிறுத்திவிட்டு, அவர் வெளுத்த வேஷ்டியைக் கட்டிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து ஆசாரம் பேசிய பரம்பரை நாம். நானும் அதில் சேர்த்திதான்.

1930-ஆம் ஆண்டு ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜி திருச்சியிலிருந்து தொண்டர்களுடன் புறப்பட்டு, 28-ந் தேதி வேதாரண்யம் வந்து சேர்ந்தார். 30-ந் தேதி அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிச் சிறை போனார். பதினைந்து நாள் கோடை வெயிலில் நடந்த அந்த முரட்டுக் கதருக்கு யார் கஞ்சி போட்டார்கள்? 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தியடிகள் சட்டையைத் துறந்தாரே, அது இன்றைக்குச் சில மேடைகளில் நிற்கிற விறைப்புக்காகவா? ஏழையின் துணி என்று எடுத்ததை அதிகாரத்தின் துணியாக்கியது எது? கஞ்சிதான்!

மறு பக்கத்துக் கூத்தையும் சொல்லிவிடுகிறேன். 2014-இல் சென்னையில் ஒரு கிளப்பில், வேஷ்டி கட்டி வந்தார் என்பதற்காக உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரையே உள்ளே விடவில்லை. அதே ஆண்டில் அதற்கென்று தமிழ்நாட்டில் சட்டம் செய்ய வேண்டியிருந்தது. சுத்தமா, கிழிசலா என்றா வாசற்காரர் பார்த்தார்? இன்ன ஜாதித் துணி என்று பார்த்தார். கைலியைக் கண்டு முகம் சுளித்த என் நண்பருக்கும் அந்த வாசற்காரருக்கும் என்ன வித்தியாசம்?

'அப்படியானால் நன்றாக உடுத்துவதே குற்றமா?' என்று கேட்கலாம். இல்லை, ஐயா. எனக்கு அதில் ஆசை உண்டு. வெளியே போக ஒரு வேஷம், 'வீட்டில் யார் பார்க்கிறார்கள்' என்று கிழிந்த பனியன் ஒன்று என்று இருக்கிறோமே, அதைத்தான் ஏசுகிறேன். வீட்டில் மனைவி பார்க்கிறாள், குழந்தைகள் பார்க்கிறார்கள். அவர்கள் ஆட்களில் சேர்த்தி இல்லையா? படகுக்காரர் கடலுக்குப் போகும் சட்டைக்கு நூல் நிறம் தேடினார்கள். அங்கே நடுக்கடலில் அவரை யார் பார்க்கப் போகிறார்கள்?

அன்று மாலை வேஷ்டி கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. நண்பர் அந்த வீட்டுக்காரரின் கைலி ஒன்றைக் கடன் வாங்கிக் கட்டிக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். நன்றாகத்தான் இருந்தது. அந்த அம்மாள் வந்து, "நாளைக்குக் கஞ்சி போட்டுடவா தம்பி?" என்று கேட்டாள்.

நண்பர் மூலையில் இருந்த இரண்டு குடங்களையும் ஒரு தடவை பார்த்தார். "வேண்டாம்மா" என்றார்.