மரத்துக்கேற்ற ரம்பம்

‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ என்பது பழமொழி. பழகாதவன் கையிலோ ஆயுதமே பகையாகிவிடும். மரம் அறுக்கும் விசைக்கருவிகள் சிற்றூர்களிலும் புழங்கும் இந்நாளில் இதனை நாம் சிந்திக்க வேண்டும்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களில் சவுக்குக்குக் குறைவில்லை. வேலியாக வைத்த சவுக்கைச் சில ஆண்டுகள் கவனியாமல் விட்டால், கூரைக்கும் மின்கம்பிக்கும் மேலே வளர்ந்துவிடும். 2011 டிசம்பர் 30 அன்று வீசிய ‘தானே’ புயலும், 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்த ‘ஃபெஞ்சல்’ புயலும் நமக்குப் புகட்டிய பாடம் ஒன்றே: ஐப்பசி பிறக்குமுன் கிளை கழித்துவிட வேண்டும். எதைக் கொண்டு கழிப்பது?

வேகம் மிகுந்த இயந்திரமே சிறந்தது என்பது பலர் எண்ணம். என் கருத்து அதுவன்று. கிளையின் பருமனே கருவியைத் தீர்மானிக்க வேண்டும். விரல் பருமனுக்குட்பட்ட பசுங்கொம்புகளுக்கு வேலி கத்தரிக்கும் மின்கருவி போதும். மணிக்கட்டுப் பருமனுக்குக் கைரம்பமோ பேட்டரி ரம்பமோ தகும். ஒயர் இழுத்து இயக்கும் மின்ரம்பம் ஈரத்தில் ஆபத்தானது. தன் ஒயரையே அறுத்துவிடவும் கூடும். பெட்ரோல் சங்கிலி ரம்பம் அடிமரத்துக்கே உரியது. அதன் முனையின் மேற்பகுதி மரத்தில் பட்டால், ஓடும் சங்கிலி ரம்பத்தையே அறுப்பவர் முகத்தை நோக்கி எற்றிவிடும். ஏணிமேல் நின்று அதனை இயக்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

மரத்தின் இயல்பையும் அறிய வேண்டும். சவுக்கு ஊசியிலை மரம்போல் தோன்றினாலும் பூக்கும் தாவரமே என்பதைத் தாவரவியல் மாணவர் அறிவர். நாம் ஊசியிலை என எண்ணுவது அதன் மெல்லிய சிறுகிளை. உண்மையான இலைகள் கணுக்களில் செதில்களாக ஒட்டியிருக்கின்றன. இளமையில் கத்தரித்தால் அது அடர்ந்து தழைக்கும். முதிர்ந்தபின் மொட்டையடித்தால் எளிதில் துளிர்க்காது. அழகுக்காக வளர்க்கும் அரௌகேரியா மெய்யான ஊசியிலை மரம். அதன் உச்சியை வெட்டினால் பழைய கோபுர வடிவம் திரும்பாது. ஆகவே, ஆண்டுதோறும் சிறிது கழித்து வருபவருக்குப் பெரிய இயந்திரமே தேவைப்படாது.

ஆண்டில் ஓரிரு நாள் வேலைக்காக வீட்டுக்கொரு சங்கிலி ரம்பம் எதற்கு? கொம்யூன் பஞ்சாயத்தே ஒன்றிரண்டு ரம்பங்களையும், தலைக்கவசம், கண்ணாடி, காதடைப்பான் ஆகியவற்றையும் வாங்கி வைத்து, மரம் வெட்டும் தொழிலாளர்க்குப் பயிற்சியளிக்கட்டும். அவர்கள் பிழைப்பும் நிலைக்கும், உயிரும் காக்கப்படும். மின்கம்பியைத் தொடும் கிளையை மட்டும் மின் ஊழியரிடம் விட்டுவிட வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட முகாம்களுக்குச் செல்லும் மாணவ நண்பர்களே, இதனை ஊர்தோறும் எடுத்துரைப்போமாக!