லேப்டாப் கணக்கு ஸ்கூட்டருக்கு உதவாது

லேப்டாப் அடாப்டர் கெட்டுப்போனால் என்ன செய்கிறோம்? அதே வோல்ட், ஆம்பியர் சற்றுக் கூடுதலாக உள்ளதை வாங்கி மாட்டுகிறோம். தவறில்லை, லேப்டாப் தனக்கு வேண்டியதை மட்டுமே எடுத்துக்கொள்ளும்.

பெட்ரோல் ஸ்கூட்டரை வீட்டிலேயே எலக்ட்ரிக்காக மாற்றியவர்கள் வேக சார்ஜர் வாங்கும்போதும் இதே கணக்கைப் போடுகிறார்கள். இங்கே அது செல்லாது. கரண்டின் அளவைத் தீர்மானிப்பது சார்ஜர்தான். 48 வோல்ட், 30 ஆம்பியர்-அவர் பேட்டரி நிறைய 5 ஆம்பியர் சார்ஜரில் சுமார் ஆறு மணி நேரம். 15 ஆம்பியரில் இரண்டே மணி நேரம். ஆசையாகத்தான் இருக்கும்! அந்தப் 15 ஆம்பியரை செல், வயர், கனெக்டர் எல்லாம் தாங்க வேண்டுமே?

வோல்ட்டிலும் ஒரு வில்லங்கம். '48 வோல்ட்' என்ற பெயரிலேயே 13 என்எம்சி செல் கொண்ட பேட்டரியும் உண்டு, 16 எல்எஃப்பி செல் கொண்டதும் உண்டு. முன்னது 54.6 வோல்ட்டில் நிறைந்துவிடும், பின்னதற்கு 58.4 வேண்டும். சார்ஜர் மாறிவிட்டால் 4.2 வோல்ட்டோடு நிற்க வேண்டிய என்எம்சி செல் 4.5-ஐ நெருங்கும். பேட்டரியைக் காவல் காக்கும் பிஎம்எஸ் போர்டும் பழுதாகியிருந்தால் தீப்பிடிக்கலாம்.

என்னைக் கேட்டால், திருப்புட்குழியிலிருந்து காஞ்சிபுரம் போய்வருபவருக்கு வேக சார்ஜரே வேண்டாம். முப்பது கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும் பயணம். மாலையில் வீடு திரும்பியதும் செருகினால், படுக்கப் போகுமுன் நிறைந்துவிடும். கம்ப்யூட்டர் மாட்டியிருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மட்டும் செருகாதீர்கள். எர்த் உள்ள தனி சாக்கெட் போட்டுக்கொள்ளுங்கள்.